கொஞ்சம் கனமாக ஒரு லேப்டாப்

ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருந்தேன். என் மனைவி வாங்கப்போகும் லேப்டாப், எங்கள் வீட்டு அம்மிக்கல்லைவிட எடை குறைந்ததாக இருக்கவே கூடாது.

சிரிக்காதீர்கள். ஊரெல்லாம் இலேசான லேப்டாப்பைத் தேடி அலைகிறபோது இவனுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்பீர்கள். என் நிலைமையில் நீங்கள் இருந்தால் அம்மியோடு குழவியையும் சேர்த்துக் கேட்டிருப்பீர்கள்.

என் பெயர் கோவர்த்தனன். கண்ணன் தூக்கிய மலையின் பெயர்தான். ஆனால் நான் தினமும் தூக்குவது சாப்பாட்டு கேரியரை மட்டும். ஊர், ஆந்திர எல்லைக்குள் இருக்கிற சத்தியவேடு. வேலை, ஸ்ரீசிட்டியில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில், ஸ்டோர்ஸில். கம்பெனி பஸ் தெருமுனையில் ஏற்றிக்கொண்டு தெருமுனையிலேயே இறக்கிவிடும். செருப்பு தேயாத உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் டீ இருக்கும், டீயோடு சுமித்ரா இருப்பாள்.

எங்கள் ஒரே மகள் கௌசிகா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். அவளைச் சேர்க்கும்போதே சுமித்ரா கேட்டாள், நாமும் திருப்பதிக்கே குடிபோய்விட்டால் என்ன என்று. தெருமுனைக்கு வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு வருவதாவது என்று நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். கௌசிகா போனதும் வீட்டில் பாதிச் சத்தம் போயிற்று. மீதிப் பாதி சுமித்ரா. இப்போது அந்தப் பாதிக்கும் ஆபத்து வந்தது.

ஒரு நாள் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்து 'கௌசி நைனா', அதாவது கௌசியின் அப்பா, என்று கூப்பிட்டால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று அர்த்தம்.

"கௌசி நைனா, தேவயானி போன் பண்ணா."

தேவயானி அவளுடைய பள்ளிக்கூடத்துத் தோழி. திருப்பதியில் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ் வைத்திருக்கிறாள்.

"இன்னாவாம்?"

"ஆபீஸ்ல ஆள் வேணுமாம். நீயே வந்துடேன்றா. வாரத்துல நாலு நாள் அங்க. மத்த நாள் வீட்லருந்தே செய்யலாமாம். லேப்டாப் மட்டும் நம்ளுதா இருக்கணும்."

"திருப்பதிக்கா? நாகலாபுரம், புத்தூர்னு சுத்திக்கினு போறதுக்குள்ள பொழுது போயிடுமே!"

"பஸ்ஸு போய்க்கினுதானே கீது?"

"போவுது. வரணுமில்ல?"

"போற பஸ்ஸு வராம அங்கியே குடித்தனமா பண்ணும்?"

அவளுக்கு எல்லாம் சுலபம். எனக்கோ கற்பனை கிளம்பிவிட்டது. என் கற்பனை எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி, நடுவில் எங்கேயும் நிற்காது. முதலில் சுமித்ரா இருட்டிய பிறகு வீடு திரும்புகிறாள். அப்புறம் அலைச்சல் தாங்காமல் தேவயானி வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறாள். கடைசியில் நான் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து தயிர்சோறு துன்னுகிறேன். ஊறுகாய் கேட்கக்கூட ஆள் இல்லை. பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே பயமாக இருந்தது.

சுமித்ராவை எதிர்த்துப் பேசி ஜெயித்த அனுபவம் எனக்குக் கிடையாது. அதனால் எதிர்ப்பதில்லை. தள்ளிப்போடுவேன்.

"தாராளமா போ. லேப்டாப்பும் வாங்கிடலாம். ஆனா இப்ப ஆஷாடம் பொறந்துட்டுது பாரு. ஆஷாடத்துல புதுசா எத்தயும் தொடக்கூடாது."

"நமக்கு இன்னும் ஆனியே முடியல. ஆஷாடம் அவங்களுக்கு."

எங்களைப்போல எல்லையில் இருக்கிறவர்கள் வீட்டில் காலண்டர் இரண்டு தொங்கும். ஒன்று தமிழ், ஒன்று தெலுங்கு. நமக்கு ஆடி ஆகாது என்றால் தெலுங்குக்காரருக்கு ஆஷாடம் ஆகாது. ஆனால் இரண்டும் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் முடியாது. அவர்கள் அமாவாசை கழித்து மாதத்தைத் தொடங்குவார்கள். ஆஷாடம் முன்னால் வந்து முன்னால் போய்விடும். ஆடி பின்னால் வந்து பின்னால் போகும். முதலில் ஆஷாடத்தைச் சொல்லி, அது தீர்ந்ததும் ஆடியைச் சொன்னால், காசு செலவில்லாமல் ஏறக்குறைய இரண்டு மாதம் ஓட்டிவிடலாம். அதற்குள் தேவயானிக்கு வேறு ஆள் கிடைத்துவிடும். என்ன மூளை பார்த்தீர்களா என்று எனக்கே தோன்றியது.

"அதெப்பிடி அவங்களுக்குன்ற?" என்றேன் கம்பீரமாக. "எந்த ஊர்ல கீறமோ அந்த ஊர் மாசந்தான் செல்லும். ரேஷன் கார்டு தெலுங்குல, கரண்ட் பில் தெலுங்குல, மாசம் மட்டும் தமிழ்லயா?"

"அப்ப இனிமே இந்த வூட்டுக்குத் தெலுங்கு மாசந்தான்?"

"தெலுங்கு மாசந்தான்."

"அப்பால மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் என்னிக்கு மாத்திப் பேசினேன்?"

"சரி" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருபது வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரே வார்த்தை. அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆஷாடம் ஓடிக்கொண்டிருந்தது. தேவயானி வேறு ஆள் பார்க்கிற வழியாகத் தெரியவில்லை. "எத்தினி நாளானாலும் உனக்காக வெயிட் பண்றேன்னுட்டா" என்று சுமித்ரா சொன்னதும் எனக்கு வேர்த்தது. ஆடி கையில் இருந்தது, உண்மைதான். ஆனால் அதை அவசரத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம், முதலில் வேறு ஏதாவது வழி இருக்கிறதா பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டு இஸ்மாயிலைத் தேடிப்போனேன். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

"பாய், ஒரு லேப்டாப் வாங்கணும்."

"வாங்கலாமே அண்ணா. எப்பிடி வேணும்?"

"கனமா."

இஸ்மாயில் கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "இலேசாதானே கேட்டீங்க? எனக்குத் தப்பா கேட்டுச்சா?"

"கனமாதான் பாய். தூக்கினா தோள்பட்ட சொல்லணும்."

"எல்லாரும் தூக்கிக்கினு போறதுக்குத்தானே லேப்டாப்பு வாங்குவாங்க?"

"நான் தூக்கிக்கினு போகாம இருக்கறதுக்கு வாங்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிதர். "இதப் பாருங்கண்ணா. இலேசாவும் நல்லதாவும் வேணும்னா விலை எகிறும். இலேசாவும் விலை கம்மியாவும் வேணும்னா சீக்கிரமே புட்டுக்கும். விலையும் கம்மி, பொருளும் கெட்டின்னா கனமாதான் வரும். மூணும் ஒண்ணா எங்கியும் கெடைக்காது."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. விலை குறைவாக வேண்டும், தரமாக வேண்டும். பொறுப்புள்ள குடும்பத் தலைவன் வேறு எதைக் கேட்பான்? கனம் தானாக வந்து சேரும். என் மேல் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அதைத் தூக்கிக்கொண்டு நாலு தடவை புத்தூர் பஸ்ஸில் நின்றால் ஐந்தாம் நாள் சுமித்ராவே வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"லேப்டாப்புனா இன்னா மாதிரி பாக்கலாம்னு கீற?"

"விலை கம்மியா இருக்கணும். கையில தூக்க இலேசா இருக்கணும். நாலஞ்சு வருசம் உழைக்கணும்."

"மூணும் ஒண்ணா கெடைக்காது."

"எனக்கு மாப்ள பாக்கச்சொல்லோ எங்க நைனா இதான் சொன்னாரு. மூணும் ஒண்ணா கெடைக்காதும்மான்னு. அப்பாலதான் உங்களக் கட்டி வெச்சாரு."

"மூணுல எது கெடச்சுதாம்?"

"விலை கம்மி" என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். "எனக்கு இலேசாதான் வேணும். சொல்லிட்டேன். எடைதான் முக்கியம். கனமா எத்தயாவது என் தலையில கட்டாதீங்க."

அவள் இவ்வளவு கண்டிப்பாகச் சொன்னதும் என் உறுதி இரண்டு மடங்காயிற்று.

ஆஷாடம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போனோம். ஹாஸ்டலில் அனுமதி கேட்டுக் கௌசிகாவையும் அழைத்துக்கொண்டோம். இளைத்திருந்தாள். ஹாஸ்டல் சாம்பாரைப்பற்றி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். தாயும் மகளும் எனக்குக் கேட்காமல் ஏதோ பேசிக்கொண்டார்கள். சாம்பார் விஷயமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடையில் சந்தியா என்ற விற்பனைப் பெண் எங்களைப் பிடித்துக்கொண்டாள். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வெள்ளி நிறத்தில் தட்டு மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதி சூடண்டி சார், சால லைட் வெயிட். ஒக்க கிலோயே!"

ஒரே கிலோதான் என்றதும் சுமித்ரா அதை ஒரே கையால் வாங்கினாள். விரல் நுனியில் நிற்கவைத்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து என் முகம் வெளுத்தது. நல்ல வேளை, விலையைக் கேட்டேன். கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது.

"யம்மாடி! இந்த விலைக்கு ஒரு மாடு வாங்கிடலாம்."

"மாடு ஜிஎஸ்டி போடாது" என்றாள் சுமித்ரா.

இன்னொன்று வந்தது. இதுவும் இலேசு, விலையும் குறைவு. மூன்றும் ஒன்றாக வந்துவிட்டதோ? மூடியை இரண்டு விரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி வளைந்தது. "பாத்தியா! பஸ்ஸுல யாராவது இடிச்சா நொறுங்கிப்பூடும்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பிறகு சந்தியாவிடம் குரலைத் தாழ்த்தி, என் தெலுங்கில் கேட்டேன்.

"இங்க்கா கொஞ்செம் பருவு உண்ணதி லேதாம்மா?"

"பருவா, சார்?" இன்னும் கனமானதைக் கேட்ட ஆளை அவள் இதுவரை பார்த்திருக்கமாட்டாள். கடைக் கோடியில் ஒரு மூலையைக் காட்டினாள். "அக்கட ஒகட்டி உந்தி. எவரூ தீஸ்கோரு சார். இண்ட்லோனே பெட்டுக்கோவாலி."

யாரும் வாங்கமாட்டார்களாம். வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதாம். அந்தத் தெலுங்கு என் காதில் தேனாகப் பாய்ந்தது.

போய்த் தூக்கிப் பார்த்தேன். ஆஹா! இரண்டு கையும் வேண்டியிருந்தது. கறுப்பு நிறம், அகலமான திரை, ஓரத்தில் எண்களுக்கென்று தனியாக ஒரு வரிசைப் பொத்தான்கள். அதன் சார்ஜரே ஒரு செங்கல். வேகம் நன்றாக இருந்தது, மூடி வளையவில்லை. ஆடித் தள்ளுபடி போக, விலை அந்த வெள்ளித் தட்டில் பாதிதான். மூன்றில் இரண்டு முழுசாக இருந்தது. மூன்றாவதாக, எனக்கு மட்டும் வேண்டிய கனமும் இருந்தது.

கௌசிகா ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, "நைனா, இது லேப்டாப்பா, லேப்டாப்போட நைனாவா?" என்றாள்.

சுமித்ரா அந்த எண் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "எடதான் ஜாஸ்தி. ம். உங்க இஷ்டம்."

சண்டை இல்லை. முணுமுணுப்பு இல்லை. பில் பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தேன். ஜெயிக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த வாரம் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போனாள். நான் ஸ்டோர்ஸில் அட்டைகளை எண்ணவேண்டியவன், பஸ்ஸை நினைத்துக்கொண்டு அட்டைகளைக் கோட்டைவிட்டேன். இந்நேரம் நாகலாபுரம் தாண்டியிருக்குமா? உட்கார இடம் கிடைத்திருக்குமா? சாயங்காலம் வீடு பூட்டியிருந்தது. நானே டீ போட்டேன். சர்க்கரை எந்த டப்பாவில் என்று தெரியாமல் உப்பில்லாத டப்பாவாகப் பார்த்துப் போட்டேன். அது ரவை.

அவள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தைலம் தேய்த்துவிட்டேன். பட்டை பதிந்த இடம் சிவந்திருந்தது. மனசு கஷ்டப்பட்டது. நம் புத்தியால் இவள் தோள் இப்படி ஆயிற்றே என்று சுருக்கென்றது. இருந்தாலும் உள்ளே ஒரு மூலையில், இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்று ஒரு குரல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

வாரக் கடைசியில் இஸ்மாயில் வந்திருந்தார், லேப்டாப்பில் ஏதோ போட்டுக்கொடுக்க. நல்ல சாட்சி இருக்கிறார், இதுதான் சமயம் என்று தொடங்கினேன்.

"இன்னா சுமித்ரா, தோளு எப்பிடி கீது?"

"கழண்டுடும் போல கீது."

"நான் அப்பவே சொல்லல? இத்தினி கனத்த தெனம் இங்கருந்து திருப்பதிக்குத் தூக்கிக்கினு போறது மனுசன் செய்யற வேலையா? நீங்களே சொல்லுங்க பாய்."

"கஷ்டந்தான்" என்றார் இஸ்மாயில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப தெனம் இங்கருந்து தூக்கிக்கினு போவக் கூடாதுன்றீங்க?" என்று சுமித்ரா என்னைக் கேட்டாள்.

"கூடவே கூடாது. இனிமே நீ அத்தத் தொட்டே தூக்கக் கூடாது. உன் ஒடம்புதான் எனக்கு முக்கியம்."

"சத்தியமா?"

"பாய் முன்னாடியே சத்தியமா சொல்றேன்."

சொல்லிவிட்டு, அவள் 'வேலையை விட்டுடறேன்' என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

"நானும் அதான் யோசிச்சேன்" என்றாள். "தேவயானி ஆபீசு மாடியில ஒரு போர்ஷன் காலியா கீது. அட்வான்ஸ் குடுத்துட்டேன். பொருள மாத்த முடியாது, வூட்ட மாத்திக்கலாம். கௌசியும் ஹாஸ்டல வுட்டுட்டு நம்மளோடயே வந்துடுவா."

இஸ்மாயில் லேப்டாப்பை மூடிவிட்டுச் செருப்பைத் தேடினார். நல்ல மனிதர் என்றேனே, ஆபத்தான இடத்தில் நிற்கமாட்டார்.

"ஏய், என் வேல?" என்று அலறினேன்.

"உங்க கம்பெனி பஸ்ஸு திருப்பதிலருந்தும் வருதாமே? வெசாரிச்சேன். கொஞ்சம் சீக்கிரமா எழுந்துக்கணும். அவ்ளோதான்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையில் இன்னும் ஒன்று இருக்கிறது! அவசரத்துக்கு வைத்திருந்தது! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சுமித்ரா, ஆடி மாசம் நடக்குது. ஆடியில யாராவது வூடு மாறுவாங்களா? எந்தக் குடும்பமாவது செய்யுமா? ஆடி முடியட்டும், அப்பால பேசலாம்."

அவள் எழுந்து போய்த் தெலுங்கு காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இந்த வூட்டுக்குத் தெலுங்கு மாசந்தான்னு நீங்கதானே சொன்னீங்க? மாத்திப் பேச மாட்டேன்னீங்க. ஆஷாடம் போயி சிராவணம் பொறந்துட்டுது. பால் காய்ச்ச நல்ல மாசமாம். வெள்ளிக்கெழம நாள் பாத்தாச்சு."

காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெலுங்கு எழுத்துகள் ஒவ்வொன்றும் உருண்டை உருண்டையாக என்னைப் பார்த்துச் சிரித்தன. கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன்.

"இலேசா வேணும், எடதான் முக்கியம்னு அன்னிக்கு அவ்ளோ அடிச்சிக்கினு சொன்னியே, அது எதுக்கு?"

"நான் இலேசா கேட்டாதானே நீங்க கனமா வாங்குவீங்க?" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் இறங்கிய குரலில், "போன வருசம் சும்மா கேட்டேன், ஒரே பேச்சுல முடியாதுன்னீங்க. புள்ள அங்க எளச்சிக்கினே போவுது. நீங்க இங்க, அவ அங்க, நான் பஸ்ஸுல. இது குடும்பமா?" என்றாள்.

மடியிலிருந்த காலண்டரை எடுத்துப்போய்ப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். கௌசிகா பெட்டியோடு வந்து சேர்ந்தாள். வீட்டில் போன சத்தம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. தனியாகத் தயிர்சோறு துன்னுகிற பயம் தீர்ந்தது. சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. தெருமுனை பஸ்தான் போயிற்று. இருட்டோடு எழுந்து, கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

கிளம்பும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் தவறாமல் வரும். "கௌசி நைனா! அந்த லேப்டாப்பக் கொஞ்சம் கீழ ஆபீசுல வெச்சிட்டுப் போங்க. நான் தொட்டே தூக்கக் கூடாதுன்னு பாய் முன்னாடி சத்தியம் பண்ணியிருக்கீங்க." காலையில் மாடியிலிருந்து கீழே இறக்குகிறேன். சாயங்காலம் கீழேயிருந்து மாடிக்கு ஏற்றுகிறேன். சார்ஜர் தனி நடை.

ஆகையால், லேப்டாப் வாங்கப்போகும் கணவன்மார்களே, விலையைப் பார்க்காதீர்கள், தரத்தைப் பார்க்காதீர்கள், இலேசாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தூக்கப்போவது நீங்கள்தான்.